கடல் தெரியும் அறையும் என் மனைவியின் கணக்கும்

அறைக் கதவு திறந்ததும் என் மனைவி நேராகப் போய்த் திரைச்சீலையை விலக்கிக் கடலைப் பார்த்தாள். நான் குனிந்து பால்கனிக் கதவின் கீலைப் பார்த்தேன். பெட்டிகளைக் கொண்டுவந்த பையன் குழம்பிப்போய், "ஏதாவது விழுந்திடுச்சா சார்?" என்று கேட்டான்.

எதுவும் விழவில்லை. கடலோர ஹோட்டல் ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் பதினான்கு வருடம் குப்பை கொட்டியவனுக்குக் கடலை விடக் கீல்தான் முதலில் கண்ணில் படும். ஏசி, பம்ப், லிஃப்ட், ஜெனரேட்டர் எல்லாம் பார்த்திருக்கிறேன். அந்த ஹோட்டலின் விருந்தினர் கட்டிலில் ஒரு நாளும் படுத்ததில்லை. கட்டிலுக்கு அடியில் படுத்து பிளக் பாயின்ட் மாற்றியிருக்கிறேன்.

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மகள் இரண்டு இரவு பதிவு செய்திருந்தாள். "அப்பா, விலை மட்டும் கேட்கக் கூடாது" என்பது நிபந்தனை. நான் கேட்கவில்லை. ஆனால் உறுதி செய்யும் மின்னஞ்சல் என் பெயருக்கும் வந்து தொலைத்தது. அங்கிருந்து அரைமணி நேரத் தூரத்தில், ஊருக்கு நடுவில், அதே எண்ணிக்கை நட்சத்திரத்தோடு இன்னொரு ஹோட்டல் இருக்கிறது. அதன் வாடகையைப் போல இது சரியாக மூன்றரை மடங்கு. கட்டிலின் அகலம் ஒன்றுதான். குளியலறைத் துண்டின் கனம் ஒன்றுதான். அப்படியென்றால் கூடுதலாகக் கொடுக்கும் அந்த இரண்டரை மடங்கு எதற்கு? இரண்டு நாளும் இந்தக் கேள்வியை மென்றுகொண்டே இருந்தேன். மனைவிக்கு எரிச்சல் வந்தது உண்மை.

நட்சத்திரம் இதற்குப் பதில் சொல்லாது. உலகம் முழுவதற்கும் பொதுவான நட்சத்திர முறை என்று ஒன்று இல்லை. ஐரோப்பாவில் சில நாடுகள் சேர்ந்து 2009இல் ஒரு பொது அளவுகோல் கொண்டுவந்தன; மற்ற இடங்களில் ஆளுக்கொரு விதி. துபாயில் கரையிலிருந்து தள்ளி செயற்கைத் தீவில் நிற்கும் புர்ஜ் அல் அராபை எல்லோரும் 'ஏழு நட்சத்திரம்' என்கிறார்கள். 1999 கடைசியில் திறந்தபோது பத்திரிகைப் பேச்சில் கிளம்பி ஒட்டிக்கொண்ட பட்டம் அது. அதிகாரபூர்வமாக அப்படி ஒரு படியே கிடையாது, ஐந்தோடு சரி. அந்த ஐந்தையும் கொடுக்க வருகிறவர்கள் லிஃப்ட் இருக்கிறதா, ரிசப்ஷனில் இரவு ஆள் இருக்கிறாரா, தலையணை எத்தனை என்று எண்ணுவார்கள். கடல் எத்தனை மணிக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று எண்ண மாட்டார்கள்.

விலையும் பதில் சொல்லாது. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அமெரிக்காவில் 1978இல் விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியபோது, ஒரே விமானத்தின் ஒரே மாதிரி இருக்கையைப் பல விலைக்கு விற்கும் கலையை விமான நிறுவனங்கள் கற்றுக்கொண்டன. அடுத்த பத்தாண்டுக்குள் மாரியட் போன்ற ஹோட்டல்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் சிக்கல் ஒன்றுதான்: பறந்துபோன விமானத்தின் காலி இருக்கையும் விடிந்துபோன இரவின் காலி அறையும் திரும்ப வராது. அதனால் அறைக்கு விலை போடும் கணினிக்கு அறையைப் பற்றிக் கவலை இல்லை. அந்த இரவை இன்னும் எத்தனை பேர் கேட்கப்போகிறார்கள் என்பதே அதன் கவலை. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரே மாடியில், ஒரே பக்கத்தில், அடுத்தடுத்த அறைக்காரர்களில் ஒருவர் மற்றவர் கொடுத்ததில் பாதி கொடுத்திருப்பார். காலைச் சாப்பாட்டில் இருவரும் பேசிக்கொள்ளாத வரை எல்லாம் நலம்.

இதை மனைவியிடம் சொன்னேன். "அப்போ விலையைப் பார்த்து நல்லதா கெட்டதான்னு சொல்ல முடியாதுன்னுதானே அர்த்தம்? பின்ன ஏன் ரெண்டு நாளா அதையே சொல்லிட்டிருக்கீங்க?" என்றாள். அவள் மருத்துவமனையில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். ஒரே வரியில் வாயை அடைப்பது வார்டில் கற்றது.

சரி, கீலுக்கு வருகிறேன்.

கடலோரக் கட்டடத்தின் எதிரி உப்பு. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளி காற்றோடு ஏறி, காய்ந்து, பார்க்கும் பொருளில் எல்லாம் உட்காரும். அதிலிருக்கும் குளோரைடு, எவர்சில்வரைக் காப்பாற்றும் கண்ணுக்குத் தெரியாத மேல்படலத்தைத் துளைக்கும். சாதாரணமாகப் புழங்கும் 304 வகை ஸ்டீல் கடற்கரையில் சில மாதத்திலேயே பழுப்பு வழியத் தொடங்கும். எங்கள் ஆட்கள் அதை 'டீக்கறை' என்பார்கள். டீ சிந்திக் காய்ந்த மாதிரியே இருக்கும். 316 என்று இன்னொரு வகை உண்டு, அதில் இரண்டிலிருந்து மூன்று சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருக்கும். தாக்குப்பிடிக்கும், விலையும் கூட. பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. முதல் வருடம் தெரியாது. மூன்றாவது வருடம் கைப்பிடிக்குக் கீழே ஒவ்வொரு ஸ்க்ரூவிலிருந்தும் ஒரு கோடு இறங்கியிருந்தால் கொள்முதல் செய்தவர் எங்கே மிச்சம் பிடித்தார் என்று தெரியும்.

ஏசியின் வெளி யூனிட்டில் இருக்கும் அலுமினியத் தகடுகளைத் தொட்டால் மாவாக உதிர்வதைப் பார்த்திருக்கிறேன். நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவிக்கொண்டே இருந்தால் கொஞ்ச காலம் கூட ஓடும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு உப்பு போய்ச் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளேயிருந்து தள்ளித் தள்ளி பால்கனியின் அடிப்பக்கம் பொருக்குப் பொருக்காக உதிரும். இதனால்தான் நான் எந்தக் கடலோர ஹோட்டலுக்குப் போனாலும் என் பால்கனியில் நின்று முதலில் மேல்மாடி பால்கனியின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்ப்பேன். மனைவி இந்தப் பழக்கத்தை வெளியில் யாரிடமும் சொல்வதில்லை.

ஆக, அந்த இரண்டரை மடங்கில் ஒரு பெரிய பங்கு உப்போடு நடக்கும் சண்டைக்குப் போகிறது. விருந்தினர் கண்ணுக்கு அது படக்கூடாது, பட்டால் தோல்வி. ஊருக்குள் இருக்கும் ஹோட்டல் பல வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் பொருளைக் கடலோரத்தில் பாதிக் காலத்திலேயே மாற்ற வேண்டியிருக்கும். சண்டை போடாமல் அதே வாடகையை வாங்கும் ஹோட்டல்களும் உண்டு. அவற்றை வாசனையிலேயே பிடித்துவிடலாம். துணி அலமாரியைத் திறந்து தலையை உள்ளே விட்டு மூச்சை இழுங்கள். ஈர மணம் அடித்தால் அந்த அறை காற்றிலிருக்கும் ஈரத்தோடு தோற்றுவிட்டது. அறைக்குள் கால் வைத்ததும் மூக்கைத் துளைக்கும் வாசனைத் திரவியம் அடித்தால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும், எதையோ மூடுகிறார்கள். குளியலறையின் காற்று வெளியேற்றும் சல்லடையில் ஒரு மெல்லிய காகிதத்தை ஒட்டிப் பாருங்கள். நின்றால் விசிறி ஓடுகிறது, விழுந்தால் அங்கே பூஞ்சை வளர்கிறது. பால்கனிக் கதவைத் திறந்ததும் ஏசி தானாக நின்றால் கோபப்படாதீர்கள். அது நல்ல ஹோட்டலுக்கு அடையாளம். குளிர்ந்த சுவரில் கடல்காற்று பட்டால் என்ன ஆகும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

எங்கள் அறையின் கீல் சத்தமில்லாமல் திறந்தது. ஸ்க்ரூ சுத்தம். அலமாரியில் மரத்தின் மணம் மட்டும். மேல்பால்கனியின் அடியில் ஒரு இடத்தில் பூச்சு புதிதாக இருந்தது. பழுது பார்த்து, வெளியே தெரியாமல் மூடியிருக்கிறார்கள், நேர்த்தியான வேலை. ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம்தான் உப்புப் படிந்து மங்கலாக இருந்தது. கீழே சொன்னேன். மறுநாள் காலையில் ஒரு பையன் ரப்பர் துடைப்பானும் வாளியுமாக வந்தான்.

"எத்தனை நாளைக்கு ஒருதடவை துடைக்கிறீங்க தம்பி?"

"காத்து எப்படி அடிக்குதோ அப்படித்தான் சார். நேத்து நாங்க துடைச்சு முடிச்ச பக்கம் இன்னைக்கு மறுபடி ஆரம்பிக்கணும்."

அவன் சம்பளமும் அந்த இரண்டரை மடங்குக்குள்தான் இருக்கிறது. எவ்வளவு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் கணக்கு இன்னும் கெட்டுப்போயிருக்கும்.

கடல் தெரியும் அறை என்று எதைச் சொல்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'கடலைப் பார்த்த அறை', 'கடல் காட்சி அறை', 'பகுதிக் கடல் காட்சி' என்று மூன்றாக விற்பார்கள். முதலாவதில் கட்டிலில் படுத்தபடி கடல் தெரியும். இரண்டாவதில் பால்கனிக்குப் போய்க் கழுத்தைத் திருப்ப வேண்டும். மூன்றாவதில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்க வேண்டும், மனைவி இடுப்பைப் பிடித்துக்கொள்வது நல்லது. நான் வேலை பார்த்த ஹோட்டலில் ஒருவர் ரிசப்ஷனுக்கு ஃபோன் செய்து, "என் அறையில் கடல் வேலை செய்யவில்லை" என்ற தோரணையில் சண்டை போட்டார். அவர்கள் பராமரிப்புப் பிரிவைக் கூப்பிட்டார்கள். நான் ரம்பத்தோடு போய் அவர் பால்கனிக்கு முன்னால் வளர்ந்திருந்த மரக்கிளையை அறுத்தேன். கடல் சரியாகிவிட்டது.

உயரம் கூடினால் நல்லது என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள், மேல்மாடிக்குக் கூடுதல் பணமும் கொடுக்கிறார்கள். கண் இருக்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து பத்து மீட்டர் உயரம் என்றால் அடிவானம் சுமார் 11 கிலோமீட்டரில் இருக்கும். அதை இரட்டிப்பாக்க வேண்டுமென்றால் நாற்பது மீட்டருக்கு ஏற வேண்டும். அவ்வளவு மேலே போனால் அலைச்சத்தம் கரைந்து, கடல் சுவரில் மாட்டிய படமாகிவிடும். சிங்கப்பூரில் மரினா பே சாண்ட்ஸின் மொட்டைமாடிக் குளம் 57ஆவது தளத்தில் இருக்கிறது. அங்கிருந்து தெரிவது அற்புதமான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே நீங்கள் வாங்குவது ஊரின் உச்சியை. தண்ணீரின் பக்கத்தை அல்ல. எனக்கு மூன்றாம் மாடி போதும். அலை உடைவது காதில் விழ வேண்டும்.

இன்னொன்று, தண்ணீர் அங்கேயே இருக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. அதே சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் ஹோட்டல் 1887இல் கடலைப் பார்த்துக்கொண்டு திறந்தது. முகவரி இன்றும் பீச் ரோடு எண் 1. கடலை மண் போட்டு மூடி மூடி, கரை எங்கேயோ போய்விட்டது. பெயரில் மட்டும் பீச் இருக்கிறது. ஹாங்காங்கில் 1928இல் துறைமுகத்துக்கு முன்னால் எழும்பிய பெனின்சுலா ஹோட்டலுக்கும் இதே கதி. எதிரே கடலை மூடி உண்டாக்கிய நிலத்தில் 1980இல் விண்வெளி அருங்காட்சியகமே வந்துவிட்டது. பிறகு 1994இல் அவர்கள் பின்னாலேயே ஒரு முப்பது மாடிக் கோபுரம் கட்டி, தலைக்கு மேலாகக் கடலை எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். ஏரி என்றால் வேறு கதை. உதய்ப்பூரில் பிச்சோலா ஏரிக்கு நடுவில் மிதப்பதுபோல் தெரியும் அரண்மனை ஹோட்டல் 1746இல் கட்டி முடித்த மாளிகை. மழை பொய்த்த வருடங்களில் ஏரி வற்றி, அது தரையில் நின்றிருக்கிறது. படகில் போகும் அனுபவத்துக்குப் பணம் கட்டியவர் அந்த வருடம் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

ஆகவே பதிவு செய்வதற்கு முன் வானிலிருந்து எடுத்த வரைபடத்தைத் திறந்து, ஹோட்டலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் சாலை இருக்கிறதா, காலி மனை இருக்கிறதா என்று பாருங்கள். காலி மனை இருந்தால் அடுத்த வருடம் அங்கே கிரேன் நிற்கும். ஹோட்டல் தன் படங்களை எந்தக் கோணத்தில் எடுத்திருக்கிறது என்பதை விட, எந்தக் கோணத்தில் ஒரு படம்கூட எடுக்கவில்லை என்பதைக் கவனிப்பேன்.

எங்கள் அறை மேற்குப் பார்த்தது. சூரியன் கடலில் விழுவதைப் பார்க்கலாம் என்று மகள் ஆசையாகத் தேர்ந்தெடுத்திருந்தாள். பிற்பகல் மூன்று மணிக்கு நடந்ததை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மேலேயிருந்து ஒரு சூரியன், தண்ணீரில் பட்டுத் திரும்பி இன்னொரு சூரியன். கண்ணைத் திறக்க முடியவில்லை. திரையை மூடிவிட்டு மூன்றிலிருந்து ஐந்தரை வரை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடலுக்குக் கொடுத்த பணத்துக்குத் திரைச்சீலையைப் பார்த்தோம். திரைச்சீலை நல்ல துணி, அதைச் சொல்ல வேண்டும்.

இரவு வந்தது. அமாவாசையை ஒட்டிய நாள். கடல் தெரியும் அறையின் ஜன்னல் இரவில் ஒரு கறுப்புச் சுவர். இதை எந்த ஹோட்டலும் சொல்வதில்லை. பத்து மணிக்கு மேல் எங்கிருந்தோ பாட்டு கேட்டது. பக்கத்து அறை என்று நினைத்தேன். பால்கனிக்குப் போனால், வளைகுடாவின் அந்தக் கரையில், ஒரு விளக்குப்பொட்டாகத் தெரிந்த இடத்தில் ஏதோ விருந்து. தண்ணீருக்கு மேல் காற்று குளிர்ந்தும் அதற்கு மேல் கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் இருக்கும் இரவுகளில் ஒலி மேலே போகாமல் வளைந்து கீழே இறங்கும். அந்தக் கரையில் ஒருவர் மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்றது என் தலையணைக்குப் பக்கத்தில் கேட்டது. ரிசப்ஷனுக்குச் சொன்னேன். அவர்கள் கரை அல்ல, அவர்கள் பாட்டும் அல்ல. ஆனாலும் அந்தப் பெண், "பத்து நிமிடத்தில் காதுக்கு அடைப்பான் கொண்டுவந்து தருகிறோம் சார், வேண்டுமென்றால் பின்பக்க அறைக்கு மாற்றித் தருகிறோம், அங்கே கேட்காது" என்றாள். எட்டாவது நிமிடம் கதவு தட்டப்பட்டது. மன்னிப்பைப் பாட்டாகப் பாடாமல் வேலையைச் செய்தார்கள். என் கணக்கில் இந்த ஹோட்டலுக்கு அதிக மதிப்பெண் விழுந்த நிமிடம் அதுதான். கீலுக்கு அடுத்து.

அறை மாறவில்லை. பதினொன்றரைக்குப் பாட்டு நின்றது. நின்ற பிறகுதான் தெரிந்தது, அலை படிக்கட்டிலேயே மோதிக்கொண்டிருந்தது. கடல் ஏற்றம். மறுநாள் நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் நீந்தலாம் என்று கீழே போனபோதும் அப்படித்தான். விளம்பரப் படத்தில் அகலமாக விரிந்த அந்த 'தனிக் கடற்கரை' காணவில்லை. இரண்டு பணியாளர்கள் சாய்வு நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் படிக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள். நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும் கரையில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவில் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறுவதும் அதிகம், வற்றுவதும் அதிகம். விளம்பரப் படம் எடுத்தவர் வற்றத்துக்குக் காத்திருந்து எடுத்திருக்கிறார். நாங்கள் ஏற்றத்துக்கு வந்து நிற்கிறோம்.

அன்று பிற்பகல், திரையை மூடிய நேரத்தில், காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். முதல் நாள் மூன்று மணிக்கு உள்ளே, மூன்றாம் நாள் பதினொன்றுக்கு வெளியே. மொத்தம் 44 மணி நேரம். தூக்கம் 15. விழித்திருந்தும் கறுப்புச் சுவரைப் பார்த்த நேரம் 8. சாப்பாடு, வெளியே உலாத்தல் 7. திரை மூடிய நேரம் இரண்டு நாளுக்கும் சேர்த்து 5. குளியல், ஃபோன், பெட்டி கட்டுதல், டிவி ரிமோட் தேடியது எல்லாம் 3. அறையிலிருந்து கடலை உண்மையாகப் பார்க்கக் கிடைப்பது 6 மணி நேரம். அந்த இரண்டரை மடங்கை ஆறால் வகுத்தேன். வந்த எண்ணை மனைவியிடம் காட்டினேன்.

அவள் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "காலைல அஞ்சே முக்காலுக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்றாள்.

தூங்கிக்கொண்டிருந்தேன். அவள் அன்று அதிகாலையில் தனியாகக் கீழே போயிருக்கிறாள். கடல் நெடுந்தூரம் பின்வாங்கியிருந்ததாம். ஈர மணல் வரிவரியாக, கண்ணாடி மாதிரி, அதில் வானம் முழுவதும். சிறு நண்டுகள் வளையிலிருந்து எடுத்துப்போட்ட மணல் உருண்டைகள் புள்ளிக்கோலம்போல. அத்தனை அறை இருந்தும் கரையில் அவள் ஒருத்திதான். "நைட் டியூட்டியில முப்பது வருஷம் விடியுறதை வார்டு ஜன்னல் வழியாத்தான் பார்த்திருக்கேன். பக்கத்துல போய்ப் பார்த்தது இன்னைக்குத்தான்" என்றாள். பிறகு, "உங்க காகிதத்துல அந்த ஒரு மணி நேரம் இல்லை" என்றும் சொன்னாள்.

ஜன்னல் என்றதும் அவள் எப்போதும் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. வார்டில் சேர்கிறவர்கள் யாராக இருந்தாலும் ஜன்னலோரக் கட்டில் காலியா என்றுதான் முதலில் கேட்பார்கள். வெறும் ஆசை என்று நினைத்திருந்தேன். ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் சயன்ஸ் இதழில் எழுதிய ஆய்வைப் பிற்பாடு படித்தேன். பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரை ஒப்பிட்டிருந்தார். ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள், எதிரே செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களோடு ஒப்பிட்டால். சின்ன ஆய்வுதான். ஆனால் காட்சிக்கு மதிப்பே இல்லை என்று நான் வாதாடினால் அவள் தயாராக வைத்திருக்கும் ஆயுதம் அது.

மறுநாள் காலை ஆறரைக்கு நானும் போனேன். வற்றம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும், அதனால் கடல் அப்போதுதான் கடைசி எல்லைக்குப் போயிருந்தது. ஆனால் வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது, ஓடுகிறவர்கள், படம் எடுக்கிறவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். "நேத்து இருந்தது வேற" என்றாள். நம்பினேன்.

வெளியேறும்போது பில்லில் 'வசதிக் கட்டணம்' என்று ஒரு வரி. நீச்சல்குளம், இணையம், கடற்கரைத் துண்டு எல்லாவற்றுக்கும் சேர்த்தாம். மகள் கட்டியதில் அது இல்லை. அமெரிக்காவில் 2025 மே 12 முதல் தங்குமிடங்கள் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்து முழு விலையை முன்னாலேயே காட்ட வேண்டும் என்று சட்டவிதி வந்துவிட்டது. அந்த விதி இல்லாத இடங்களில் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். பேசாமல் கட்டினேன். துண்டு மட்டும் உண்மையிலேயே பெரிது.

இந்த ஹோட்டல் கொடுத்த பணத்துக்குத் தகுமா என்று மகள் ஃபோனில் கேட்டாள், வேறு விதமாக: "பிடிச்சிருந்துச்சா அப்பா?" பிடித்தது என்றேன். கட்டடம் நேர்மையாக இருந்தது, ஆட்கள் நன்றாக இருந்தார்கள். அந்த அறை, அந்தத் திசை, அந்த இரண்டு இரவு, மூன்றும் சேர்ந்தால் தகாது. இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதினால் படித்துவிடுவாள் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

வீட்டுக்கு வந்த வாரத்தில் ஹோட்டல் விலைப் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் அந்தக் கரையின் ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியலை, திறந்தேன். ஒரு கரையில் அமாவாசையை ஒட்டி எந்த நேரத்தில் பெரிய வற்றம் வருகிறதோ, பௌர்ணமியை ஒட்டியும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் வரும். ஆக அந்த விடியற்காலை வற்றம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை திரும்பிவரும். பௌர்ணமியைத் தேர்ந்தெடுத்தால் இரவில் ஜன்னல் கறுப்பாக இருக்காது. அதோடு, முழுநிலா விடியும் நேரத்தில் மேற்கில்தான் இறங்கும். மேற்குப் பார்த்த கரை. பிற்பகல் முழுவதும் நான் திட்டிய அதே திசை.

காலண்டரைப் பார்த்து ஒரு செவ்வாய்க்கிழமையைப் பிடித்தோம். வாரக் கடைசியை விட விலை வெகுவாகக் குறைந்திருந்தது. ஒரே இரவு போதும் என்றாள். அறை வகை கேட்டது. நான் 'கடலைப் பார்த்த அறை' மேல் விரலை வைத்திருந்தேன். அவள் விரலைத் தள்ளி, வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்த, இருப்பதிலேயே மலிவான பின்பக்க அறையை அழுத்தினாள்.

"ஜன்னல் எதுக்கு? நாமதான் கீழ இருப்போமே."

கீழே, சிறப்புக் கோரிக்கை எழுதும் கட்டத்தில், அலமாரி ஈர மணம் இல்லாத அறை வேண்டும் என்று தட்டச்சு செய்யத் தொடங்கினேன். அதையும் அழித்துவிட்டு அவளே எழுதினாள்: காலை ஐந்து மணிக்கு எழுப்பவும், இரண்டு பேரையும்.